ஞாயிறு காலை ஒன்பது மணி



இம்மாதம் ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். அது நான் கொடுத்த ஆலோசனையால் வந்தது.

யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்கு ஒன்றில் ஒரு குடும்பத்தைப் பல வருடங்களாக எனக்குத் தெரியும். தகப்பன் கடற்றொழிலாளி. தாய் நண்டு பதனிடும் இடத்தில் நாட்கூலிக்குப் போகிறார். மூத்த மகள் அப்போது பத்தாம் தரம். கணிதத்தில் இருபது புள்ளிகளைத் தாண்டாதவள். ஞாயிறு திருப்பலி முடிந்து ஒன்பது மணிக்கு மறைக்கல்வி வகுப்பு. நகரில் கணித ரியூசனும் அதே ஒன்பது மணிக்குத்தான்.

“எதை விடுறது மிஸ்?” என்று தாய் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. “ரியூசனுக்கு விடுங்கோ அக்கா. உறுதிபூசுதலும் முடிஞ்சுதுதானே” என்றேன்.

உறுதிபூசுதலோடு மறைக்கல்வியும் முடிந்துவிட்டது என்று நினைப்பவள் நான் மட்டுமல்ல. உங்கள் பங்கில் முதல்நன்மை வகுப்புக்கு வரும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். உறுதிபூசுதல் பெற்று ஒரு வருடம் கழிந்தபின் அதே வாங்குகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். விசுவாச வாழ்வில் உறுதியாய் நிற்பதற்குத் தரப்படும் அருளடையாளத்தை நாங்கள் விடுகைப் பத்திரமாக்கி வைத்திருக்கிறோம்.

நாலு மாதம் கழித்து அந்தப் பங்கின் மறையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். முன்பள்ளியில் படிப்பிக்கும் இளம்பெண். “மிஸ், பிள்ளை ரெண்டு கிழமையாப் பூசையிலை இல்லை. மனம் கேக்கேல்லை, வீட்டை போய்ப் பார்த்தனான்” என்றார். அந்தப் பிள்ளையின் பெயர் அவருடைய வரவுப் பதிவில் இப்போது இல்லை. ஆனாலும் அவளைத் தேடியிருக்கிறார்.

விடயம் இதுதான். இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன பிறகு தகப்பனுக்குத் தொழில் இல்லை. ரியூசன் காசு கட்ட முடியவில்லை. காசு கட்டாதவர்களை வகுப்பில் எழும்பி நிற்கச் சொன்னார்களாம். இரண்டு முறை எழும்பி நின்றவள் மூன்றாம் முறை போகவில்லை. ஆறு கிழமைகளாக ஞாயிறு காலையில் புத்தகப் பையோடு வெளிக்கிட்டு, கடற்கரையில் இருந்துவிட்டு, வகுப்பு முடியும் நேரத்துக்கு வீடு திரும்பியிருக்கிறாள். தாய்க்குத் தெரியாது. கடைசியில் கோயிலுக்கு வரவும் வெட்கப்பட்டிருக்கிறாள். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் அந்தக் கொட்டிலில் ஓரிடம் வெறுமையானதை ஒருவரும் காணவில்லை.

பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஆறு ஞாயிறு காலைகள் எங்கே இருந்தாள் என்று யாருக்கும் தெரியாதிருந்தது. போதைப்பொருளும் தவறான தொடர்புகளும் கரையோரம்வரை வந்திருக்கிற இந்நாட்களில் அதன் பொருள் என்ன என்பதைத் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடவுள் காத்தார் என்று தாய் சொன்னார். உண்மைதான். கடவுள் அந்த வேலைக்கு அனுப்பியது ஒரு மறையாசிரியையை.

சமூகவியல் படித்தவள் என்றபடியால், இடைவிலகல், வருமானம், புள்ளிகள் என்று கணக்கெடுக்க எனக்குத் தெரியும். பிள்ளையைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் வீட்டுக்கு வெளியே இருக்கிறாரா என்ற கேள்வியை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஒருவர் இருந்த இடத்திலிருந்துதான் நான் அவளை எடுத்துவிட்டேன்.

எங்கள் மண்ணில் விசுவாசமும் கல்வியும் எதிரெதிராக வந்தவை அல்ல. சம்பத்திரிசியார் கல்லூரியின் தொடக்கம் 1850. திருக்குடும்பக் கன்னியர்கள் பிரான்சிலிருந்து 1862இல் யாழ்ப்பாணம் வந்து பெண்பிள்ளைகளின் கல்வியைக் கையில் எடுத்தார்கள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) மறைபரப்புப் பணியும் தமிழாராய்ச்சியும் ஒருவரிடமே இருக்கலாம் என்று வாழ்ந்து காட்டினார். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுக்குப் போனபின், மறைக்கல்வியின் பாரம் பெருமளவு பங்குகளின் தோளில் விழுந்தது. இன்றைக்கு அந்தப் பாரத்தைச் சுமப்பவர்கள் சம்பளமில்லாமல் வரும் இளம்பெண்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10இல் மறையாசிரியரை ஒரு திருப்பணியாளராகவே திருச்சபையில் ஏற்படுத்தினார். நாங்கள் அவர்களுக்குக் கொடுப்பது ஒளிவிழாவில் ஒரு பரிசுப்பொதி.

“வேதம் படிச்சால் வேலை கிடைக்குமோ?” என்று ஒரு தகப்பன் என்னிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பரீட்சைக் கணக்கிலேயே பதில் சொல்லலாம். சாதாரண தரத்தில் சமயம் ஒரு கட்டாய பாடம். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடச் சித்தியும் அவற்றில் மூன்று திறமைச் சித்தியும் வேண்டும். நன்றாகப் படித்தால் அந்த மூன்றில் ஒன்றைச் சமயபாடமே தரும். ஆனால் அது சிறிய பதில். யாரும் எழுப்பி நிற்க வைக்காத, வரிசைப்படுத்தாத ஓரிடம் வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது பிள்ளைக்கு வேண்டும் என்பது பெரிய பதில்.

ரியூசனை நான் குறை சொல்லவில்லை. வசதியற்ற பிள்ளைக்குக் கணிதமும் வேண்டும். ஆகவே பங்குத்தந்தையிடம் போனோம். இளையோர் ஒன்றியத்தில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் மூவர் இருந்தார்கள். சனி பின்னேரங்களில் பங்கு மண்டபத்தில் இலவசமாகக் கணிதம் படிப்பித்தார்கள். தாய்மார் முறைவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். ஞாயிறு ஒன்பது மணி மறைக்கல்விக்கே திரும்பியது. முதல் நாள் அந்தப் பிள்ளை பின்வாங்கில் தலைகுனிந்து இருந்தாள். மறையாசிரியை ஒன்றும் விசாரிக்கவில்லை. வாசகத்தை வாசிக்கும்படி நூலைக் கையில் கொடுத்தார்.

பரீட்சையில் கணிதத்துக்குச் சாதாரண சித்திதான் கிடைத்தது. உயர்தரத்துக்கு அது போதும். சமயபாடத்துக்கு அதிவிசேட சித்தி. இப்போது முதல்நன்மை வகுப்புச் சின்னஞ்சிறுசுகளுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கிறாள். அந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னீங்கள் மிஸ்” என்றார். நல்லதுக்குச் சொல்வது மட்டும் போதாது என்பதை நான் அன்று படித்தேன்.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. ஆகவே உங்களிடம் மூன்று விடயங்கள் கேட்கிறேன். ரியூசன் காசு பாக்கியிருந்தால் அதைப் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். நீங்களே போய்க் கதையுங்கள். முதல்நன்மை விருந்துக்கும் வீடியோவுக்கும் கடன்படுவதைக் குறைத்து, அந்தக் காசைப் பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்குங்கள். உங்கள் பங்கின் மறையாசிரியை யார், எந்த வீடு என்று அறிந்து வையுங்கள்.

வரும் ஞாயிறு வகுப்பு முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும், “இண்டைக்கு யார் யார் வரேல்லை?” என்று கேட்டுப் பாருங்கள். சொல்லும் பெயர்களில் ஒன்று உங்கள் அயல்வீட்டுப் பிள்ளையுடையதாக இருக்கலாம். இருந்தால், பின்னேரமே ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.