கதைக்குள்ளே ஒரு விளையாட்டு



'கேம்' என்று சொன்னாலே வீட்டில் திட்டு விழும். நான் சொல்லப்போவது போனில் விளையாடும் கேம் இல்லை. கேம் மாதிரியே நடக்கும் மாயாஜாலக் கதைகள். கொரியாவில் சுகோங் என்பவர் 2016-இல் எழுத ஆரம்பித்த 'சோலோ லெவலிங்' அப்படி ஒன்று. அரக்கர்களை வேட்டையாடுகிற கூட்டத்திலேயே அதன் கதாநாயகன்தான் நோஞ்சான். அவன் தினமும் 100 தண்டால் எடுக்கணும், 10 கிலோமீட்டர் ஓடணும். செய்தால் பலம் ஏறும், செய்யாவிட்டால் தண்டனை!

'இது வெளிநாட்டுக் கதை, நமக்கெதுக்கு?' என்று கேட்பீர்கள். நம்ம விக்கிரமாதித்தன் கதையை எடுத்துப் பாருங்க. சிம்மாசனத்துக்கு 32 படி. போஜராஜன் ஏறப்போகும்போதெல்லாம் ஒரு பதுமை மறித்துக் கதை சொல்லும். கேமில் 'லெவல்' என்கிறோமே, அது இதுதானே! வேதாளத்தின் விதி இன்னும் கஷ்டம். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் வேதாளம் மறுபடியும் மரத்தில் போய்த் தொங்கும். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இந்த வேதாளத்தை வைத்தே பல வருஷம் கதை சொன்னது.

இந்தக் கதைகள் எனக்குப் பிடிக்கக் காரணம், விதி எல்லாருக்கும் ஒன்று என்பதுதான். எங்க வயசுப் பிள்ளைகள் சாயங்காலம் விளையாடப் போனால், 'பொம்பளப் பிள்ளைக்கு இன்னும் என்ன விளையாட்டு?' என்பார்கள். பையன்களை யாரும் கேட்பதில்லை. கதையில் ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துப் புள்ளி போடுவதில்லை. உழைத்தால் புள்ளி, அவ்வளவுதான்.

அதுக்காக எல்லாமே நல்ல கதை என்று சொல்ல மாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் புள்ளிக் கணக்கு மட்டும் இருந்தால் மார்க் சீட் படிக்கிற மாதிரி ஆகிவிடும். நம்பர் ஏறினால் போதாது, ஆளும் மாறணும். பதுமைகள் போஜராஜனிடம் 'உனக்கு எவ்வளவு பலம்?' என்றா கேட்டன? விக்கிரமாதித்தன் மாதிரி கொடையும் தைரியமும் உண்டா என்றுதான் கேட்டன. கதையைத் தேர்ந்தெடுக்க இதுதான் என் அளவுகோல்.

ஆசிரியர்களே, நூலகப் பாடவேளையில் விக்கிரமாதித்தன் கதையை எங்களுக்குக் கொடுங்கள். தோழிகளே, அடுத்த இதழுக்கு நாமே ஒரு கதை எழுதுவோம். கண்மாய்க்கரை மரத்தில் ஒரு வேதாளம், குடத்தோடு வரும் ஒரு பெண், மூன்று கேள்விகள். முதல் விதியை நான் எழுதிவிட்டேன்: விளையாட வருகிற யாரையும் 'நீ பொம்பளப் பிள்ளை' என்று சொல்லி நிறுத்தக் கூடாது. இரண்டாவது விதியை நீங்க எழுதுங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, அபிராமம்