பருவ உணவும் தோல் நலமும்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார்காலத்தை அடுத்து வரும் ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களும் கூதிர்காலம் எனப்பட்டன. தமிழகத்தில் இது வடகிழக்குப் பருவமழை பொழியும் காலம். தில்லி, லக்னோ போன்ற வடநாட்டு நகரங்களிலோ மழை ஓய்ந்து, காற்று வறண்டு, குளிர் தொடங்கும் காலம். அந்நகரங்களில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு அப்போது உதடு வெடிக்கிறது. கைகால்களில் தோல் உலர்ந்து வெள்ளைக் கோடுகள் தோன்றுகின்றன.

உடனே பலரும் நாடுவது கடையில் விற்கும் களிம்பையே. எண்ணெயும் களிம்பும் தோலின் ஈரம் வெளியேறாமல் காக்கும் என்பது உண்மையே. ஆயினும், தோல் உள்ளிருந்து வளர்வது. மேல்தோலின் செல்கள் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து, புதிய செல்கள் அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. அவ்வளர்ச்சிக்கு வேண்டிய பொருள்களைத் தருவது உணவு. ஆகவே, அந்தந்தப் பருவத்தில் அருகிலேயே விளையும் காய்கனிகளுக்கே முதலிடம் தரவேண்டும்.

கூதிர்காலத்தில் வடநாட்டுச் சந்தைகளுக்கு நெல்லிக்காய் வரத் தொடங்குகிறது. உத்தரப்பிரதேசத்தின் பிரதாப்கட் மாவட்டம் இதற்குப் பெயர்பெற்றது. அதனைத் தொடர்ந்து பிரயாக்ராஜ் கொய்யா குவிகிறது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உள்ளது. இது ஆரஞ்சில் உள்ளதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தை உடல் உருவாக்க இந்த வைட்டமின் இன்றியமையாதது. சூடுபட்டால் இது குறைந்துவிடும் என்பதால், கழுவிப் பச்சையாக உண்பதே நன்று.

குளிர் மிகும்போது சிவப்புக் கேரட்டும், பாலக், வெந்தயம் முதலிய கீரைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு சொரசொரப்பாகும். கரோட்டின் கொழுப்பில் கரையக்கூடியது. எனவே, சிறிது எண்ணெயில் தாளித்துத் தேங்காய்த் துருவல் சேர்க்கும் நம் பொரியல் முறை இதற்கு மிகவும் ஏற்றது.

எல்லாக் காய்கனிகளும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றனவே, பருவத்தைப் பார்ப்பானேன் என்று சிலர் வினவலாம். நெடுந்தொலைவு பயணம் செய்து பலநாள் கிடங்கில் கிடந்த கீரையில் வைட்டமின் சி பெரிதும் குறைந்துவிடுகிறது, விலையோ கூடுகிறது. தென்னாட்டிலிருந்து வந்து வாடிய முருங்கைக்காயை மிகுந்த விலைக்கு வாங்கினால்தான் தமிழ்ச் சமையல் என்பதில்லை. பாலக் கீரைக் கூட்டும், முள்ளங்கிச் சாம்பாரும், நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடியும் தமிழ்ச் சமையலே. விளைபொருள் வடநாட்டினது, கைப்பக்குவம் நம்முடையது.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தோல் நலம் என்பது வேறு. தோலின் நிறம் என்பது வேறு. எந்தக் கனியும் எவரையும் வெண்மையாக்குவதில்லை, ஆக்கவும் வேண்டியதில்லை. தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. அது கதிரவனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கிறது. பள்ளியில் நிறத்தைச் சுட்டிக் கேலி செய்வோர் இவ்வுண்மையை அறியாதவர். வெண்மை தருவதாக விளம்பரம் செய்து பல்லாண்டு விற்கப்பட்ட களிம்பு ஒன்று, எதிர்ப்பு வலுத்ததால் 2020-இல் அப்பொருள் தரும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது. பெயர் மாறியது போதாது, எண்ணமும் மாறவேண்டும்.

உணவு எல்லா நோய்க்கும் மருந்தன்று. அரிப்பு, தடிப்பு, புண் ஆகியவை நீடித்தால் மருத்துவரை அணுகுவதே முறை. ஆனால், நாள்தோறும் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ, ஒரு கிண்ணம் கீரையோ உண்பது எளிய குடும்பத்திற்கும் இயலக்கூடியது. வெடிப்பும் வறட்சியும் இன்றி இருப்பதே தோலின் அழகு. அந்த அழகு எல்லா நிறத்தவர்க்கும் உரியது.