செவ்வாய்க் கிரகக் குழந்தையும் போடிமெட்டுக் குழந்தையும்

வருடம் 2100. செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். அம்மா பதறுகிறார். ‘கவலைப்படாதீங்கம்மா, ஏ.ஐ. டாக்டர் பார்த்துக்கும்’ என்கிறார் அங்கிருக்கும் சுகாதார அதிகாரி.

சினிமாவில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நிஜத்தில், இதுவரை ஒரு குழந்தைகூட விண்வெளிக்குப் போனதில்லை. ஆனால், ‘டாக்டர் பக்கத்தில் இல்லாத இடத்தில் குழந்தையை யார் பார்ப்பது?’ என்ற கேள்வி இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்துக் குடியிருப்புகளிலேயே பிள்ளைகளோடு தங்குபவர்களும் உண்டு. அங்கே நடுராத்திரியில் குழந்தைக்கு மூச்சு வாங்கினால், பனிமூட்டத்தில் மலையிறங்கி போடிக்கு வர வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் தேனியையும் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான்.

விண்வெளியில் என்ன நடந்தது?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஒருவருக்குக் கழுத்து ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. 2020-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான சம்பவம் இது. பூமியிலிருந்த டாக்டர்கள் வழிகாட்ட, அவர் தனக்குத்தானே ஸ்கேன் எடுத்துக்கொண்டார். கையிருப்பில் இருந்த ஊசி மருந்தைச் சிக்கனமாகப் போட்டுச் சமாளித்தார்கள். மாத்திரை, அடுத்த சரக்கு விண்கலத்தில்தான் வந்து சேர்ந்தது. ஆலோசனை நொடியில் போனது. மருந்துக்கு வண்டி வர வேண்டியிருந்தது.

செவ்வாய் என்றால் ஆலோசனையும் தாமதமாகும். இங்கிருந்து ஒரு செய்தி போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். அதனால்தான், பூமியைக் கேட்காமலே உதவும் ஏ.ஐ. மருத்துவ உதவியாளரை நாசாவும் கூகுளும் சோதித்து வருகின்றன.

மதுரையும் தாய்லாந்தும்

ஏ.ஐ. மருத்துவம் நமக்குப் புதிதல்ல. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று போட்டோவைப் பார்த்துச் சொல்லும் கூகுளின் ஏ.ஐ., மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதாக 2019-லேயே அறிவிக்கப்பட்டது.

அதே தொழில்நுட்பம் தாய்லாந்தின் கிராமப்புற கிளினிக்குகளுக்குப் போனபோது வேறு கதை. அறையில் வெளிச்சம் சரியில்லாததால், எடுத்த போட்டோக்களில் 21 சதவிகிதத்தை ‘தெளிவில்லை’ என்று ஏ.ஐ. ஒதுக்கிவிட்டது. இன்டர்நெட் மந்தமானபோது நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் கருவி, சிக்னல் வந்து வந்து போகும் மலைச்சரிவில் எவ்வளவு வாங்கும் என்பதை அங்கேயே சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் அல்ல. நிமிடத்துக்கு 45 முறை மூச்சு விடுவது ஒரு மாதக் குழந்தைக்கு இயல்பு. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம். மருந்தின் அளவும் எடையைப் பொறுத்து மாறும். பெரியவர்களின் தகவல்களை வைத்துப் பழக்கிய ஏ.ஐ.யிடம் பச்சிளம் குழந்தையை ஒப்படைக்க முடியாது.

இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது

இருமலும் சளியும் உள்ள குழந்தைக்கு எந்தக் கருவியும் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது:

• 2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
• 2 மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
• 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இந்த அளவைத் தொட்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குவது, பால்கூடக் குடிக்க முடியாதது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

நாளைக்கு ஒரு ஏ.ஐ. செயலி இதே மூச்சைக் கேமராவில் எண்ணி, ‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்’ என்று தமிழிலேயே சொல்லலாம். வரவேற்போம். ஆனால், அந்த நள்ளிரவில் தோட்டத்து வாசலுக்கு ஒரு ஜீப் வர வேண்டும். கீழே ஒரு டாக்டர் விழித்திருக்க வேண்டும். செயலியை அறிமுகப்படுத்த வரும் அதிகாரி யாராக இருந்தாலும், அவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: ‘சார், வண்டி எப்போ வரும்?’