இருளர் எடுக்கும் நஞ்சும் எமது விஷகடியும்

பாம்பு கடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து எங்கிருந்து வருகின்றது என்று எம்மில் பலர் கேட்பதில்லை. அது இந்தியாவிலிருந்து இறக்குமதியாவது. அதற்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதியை நெடுங்காலமாகக் கொடுத்து வருபவர்கள் தமிழ்நாட்டின் செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் என்னும் பழங்குடி மக்கள்.

எலி பிடித்தும், மூலிகை சேர்த்தும், தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தும் பிழைத்தவர்கள் இவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978இல், ரொமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நாகம், புடையன், சுருட்டை, கட்டுவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து மண்பானையில் வைத்து, ஏறக்குறைய நாலு கிழமைக்குள் நாலு தரம் நஞ்செடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலே விட்டுவிடுகின்றனர். நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்ற, குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகின்றது. அதிலிருந்தே மருந்து. கொன்று தோலுரித்த அதே கைகள் உயிரோடு விடப் பழகியிருப்பதை, அபிவிருத்தி பற்றிப் பேசும் நாம் கவனிக்க வேண்டும்.

மண்ணிலே ஊர்ந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு என்று சொல்லக்கூடிய இவர்களை 'படிப்பறிவில்லாதவர்' என்று எழுதுகின்றார்கள்! சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர்.

இருளரிடம் விஷகடிக்குப் பச்சிலை வைத்தியமும் உண்டு. எமது பரிகாரிமாரிடமும் உண்டு. இடம்பெயர்ந்த இடங்களில் அவர்களே பலருக்கு ஒரே வைத்தியராக இருந்தனர். ஆனால் நல்ல விஷம் ஏறிய கடிக்குப் பச்சிலையோ, விஷக்கல்லோ, பார்வை பார்த்தலோ போதாது. குணமானதாகச் சொல்லப்படும் கடிகள் பல நஞ்சேறாத கடிகளே. இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கேடு. காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டுவிரியன் கடியில் வீக்கமோ நோவோ பெரிதாகத் தெரியாது. நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவர் நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழும்பினால், அதையும் சந்தேகிக்க வேண்டும். நுளம்பு வலையைப் பாயின் கீழே செருகிப் படுப்பது செலவில்லாத காவல். பரிகாரியார் இவற்றைச் சொல்லி நோயாளியை உடனே அனுப்பினால், அதுவும் வைத்தியமே.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டுப் புடையனின் நஞ்சும் எமது புடையனின் நஞ்சும் முற்றாக ஒன்றல்ல. இறக்குமதி மருந்து இங்கே எப்போதும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. சிங்களத்தில் 'குணகட்டுவா' எனப்படும் சிறு விரியன் இங்கே பலரைக் கடிக்கின்றது. அதன் கடிக்கு அம்மருந்து உதவாது. எமது பாம்புகளின் நஞ்சிலிருந்து எமக்கு மருந்து வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குப் பாம்பறிந்தவர்களைத் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. அக்கரைப்பற்றுக்கு அப்பால் அளிக்கம்பையில் வனக்குறவர் இருக்கின்றனர். அவர்களின் முன்னோர் பாம்பாட்டிப் பிழைத்தவர்கள். அவர்களுள் விரும்புவோரைப் பங்காளிகளாகக் கொண்டு, கணக்கும் இலாபமும் அவர்கள் கையிலேயே இருக்கும் ஒரு சங்கமாக அதை அமைக்கலாம்.