ச்சே வேற, ச்சீ வேற

போன குறுவை அறுப்புல நடந்தது இது. கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டி ஆறு நாள். வெயில் அடிச்சா கிளறி விடணும், மேகம் கறுத்தா படுதாவைத் தூக்கிட்டு ஓடணும். ஏழாம் நாள் ஈரப்பத மிஷின்ல ஒரு கை நெல்லைப் போட்டுப் பாத்தாங்க. 19 காட்டுச்சு. 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க, தெரிஞ்ச கதைதான். என் வாயிலிருந்து தானா வந்துச்சு: "ச்சே!"

மிஷின் பிடிச்ச தம்பிக்கு முகம் சிவந்துபோச்சு. "யாரைப் பாத்து ச்சேங்கிறீங்க? மரியாதையாப் பேசுங்க பெரியவரே."

என் பையன் வயசுதான் இருக்கும். சுத்தி நின்ன நம்ம ஆளுங்களே "ஏண்ணே அப்படிச் சொன்னே"ன்னு என்னைத்தான் கேட்டாங்க. அதுதான் இன்னும் ஆறல.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவன். ஆனா ச்சேவுக்கும் ச்சீக்கும் வித்தியாசம் தெரியும். பஸ் போயிடுச்சா, ச்சே. மோட்டார் காயில் புகைஞ்சிடுச்சா, ச்சே. நடந்துபோனதைப் பாத்துச் சொல்றது அது. பாதி நேரம் நம்மளையே நொந்துக்கறது. ச்சீக்குத்தான் எதிர்ல ஒரு ஆள் நிக்கணும், இல்ல அசிங்கம் கிடக்கணும். (வீட்டுக்காரி சிரிச்சுக்கிட்டே சொல்ற "ச்சீ போங்க" வேற கணக்கு.) நான் மழையைச் சொன்னேன், 19ஐச் சொன்னேன். அந்தத் தம்பியை இல்ல.

சரி, அந்தத் தம்பி ஆறு நாளா என்ன சொல்லிக்கிட்டிருந்தார்? "சாக்கு வந்துடுச்சா சார்?" "ப்ச்." "நாளைக்கு எடை போடுவீங்களா சார்?" "ப்ச்." நாக்கை மேலண்ணத்துல ஒட்டி எடுக்கற ஒரு சத்தம். நாய்க்குட்டி அடிபட்டாலும் நாம ப்ச் கொட்டுவோம், அதுல இரக்கம் இருக்கும். இதுல 'நீயெல்லாம் ஒரு ஆளா'ங்கறது மட்டும்தான் இருந்துச்சு. இதுக்கு யாரும் மரியாதை கேக்கல. மனு கொடுக்கலாம்னா, "ப்ச் என்றார்"னு எழுதினா படிக்கறவங்க சிரிப்பாங்க. மேல இருக்கறவன் எரிச்சல் சத்தம், கீழ இருக்கறவன் எரிச்சல் குத்தம்னா என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க.

பக்கத்துக் குவியல்கார அம்மா கெட்டிக்காரங்க. "ரெண்டு நாள்ல பணம் கணக்குல ஏறிடும்"னு அந்தத் தம்பி சொன்னப்போ, முகவாயைத் தோள்ல இடிச்சு "க்கும்"னாங்க. தொண்டை கரகரப்புன்னு நினைச்சுட்டார் போல.

ஒன்பதாம் நாள் 17க்குள்ள வந்துச்சு. கடைசிச் சிப்பம் தராசுல ஏர்ற வரைக்கும் நான் வாயே திறக்கல. ரசீதை மடிச்சுப் பையில வைக்கும்போது அந்த அம்மா என்னைப் பாத்தாங்க. "க்கும்."