இங்க எது ஃபேமஸ்?

வெளியூர் போய் இறங்கியதும் நாம் கேட்கிற கேள்விகளிலேயே மோசமானது இதுதான். பதில் கேள்விக்கு முன்பே தயாராக இருக்கிறது. மதுரையா, ஜிகர்தண்டா. திருநெல்வேலியா, அல்வா. விருதுநகரா, எண்ணெய் புரோட்டா. ஸ்ரீவில்லிபுத்தூரா, பால்கோவா. ஆட்டோக்காரரில் தொடங்கி லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் தம்பி வரை எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். ஏன்னா நாம் கேட்டது அவருக்குத் தெரிந்ததை இல்லை, ஊருக்கே தெரிந்ததை. அப்புறம் ரூமுக்கு வந்து யூடியூபைத் திறந்தால் அதே நான்கு கடை, அதே நெருக்கத்தில் கேமரா, அதே ஆவி, அதே "வேற லெவல்".

எனக்கு இந்த "வேற லெவல்" மீது கோபம் உண்டு. பயணத்தில் இருக்கும் ஒருவருக்கு "இங்கே சாப்பிடு" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அவர் அந்த ஊருக்குப் புதுசு. பசியில் இருக்கிறார். கையில் அளவான பணம். வயிறு கெட்டால் அடுத்த எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். ஒருவர் நம்மை நம்பித் தன் வயிற்றை ஒப்படைக்கிற விஷயம் அது. அதை நாம் ஒரு பொழுதுபோக்காக மாற்றிவிட்டோம். என் சண்டை இதோடுதான்.

*

ராத்திரி பஸ்ஸில் போனவர்களுக்கு மோட்டல் தெரியும். நடுநிசிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு கொட்டகை. "பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி சாப்பிடறவங்க சாப்பிட்டுக்கலாம்" என்று நடத்துநர் குரல். காதைக் கிழிக்கும் பாட்டு. ரப்பர் மாதிரி புரோட்டா, தண்ணி மாதிரி சால்னா, வெளியில் வாங்குவதைவிட ஒன்றரை மடங்கு விலை. நான் ஒருமுறை அப்படி ஓரிடத்தில் வேகாத தோசையைக் காட்டிக் கேட்டபோது, "வேணும்னா சாப்பிடுங்க சார், இல்லன்னா பஸ்ஸுல ஏறுங்க" என்றார்கள். அந்த நேரத்தில் உள்ளே தனி அறையில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சுடச்சுட சாப்பாடு, காசில்லாமல். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்கு நல்ல சோறு வேண்டும். ஆனால் நாற்பது பேர் எங்கே சாப்பிடுவது என்ற முடிவு அந்தத் தனி அறையில் எடுக்கப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது.

ஃபுட் வீடியோ என்பது அந்தத் தனி அறைக்குள் கேமராவை வைத்ததுதான். கடைக்காரர் முதலிலேயே தயாராக இருக்கிறார். தட்டில் வருவது நமக்கு வரும் துண்டு இல்லை, கேமராவுக்கு வரும் துண்டு. வாழை இலையில் வரிசையாக எட்டு வகை. பில் வருவதை யாரும் காட்டுவதில்லை. பணமோ பொருளோ சலுகையோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதிமுறைகள் சொல்கின்றன. இலவசச் சாப்பாடும் அதில் சேரும். அடுத்த முறை ஒரு பிரியாணி வீடியோ பார்க்கும்போது இதை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சரி, எல்லோரும் காசு வாங்குவதில்லை, சிலர் உண்மையாகவே ருசித்துத்தான் சொல்கிறார்கள் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவர் யாருக்குச் சொல்கிறார்? அவருக்கு முன்னால் இருப்பது பசியோடு நிற்கும் ஒரு ஆள் இல்லை. பசியில்லாமல், வீட்டில் படுத்துக்கொண்டு, பார்ப்பதற்காகவே பார்க்கும் லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலானோர் அந்த ஊருக்கே போகப் போவதில்லை. தப்பாகச் சொன்னாலும் திரும்பி வந்து கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத சொல்லுக்குப் பொறுப்பும் இல்லை.

*

உணவு வழிகாட்டிகளில் உலகப் புகழ் பெற்றது மிஷ்லின். 1900இல் பிரான்சில் அதை வெளியிட்டது ஒரு டயர் கம்பெனி. அன்று அந்த நாட்டில் ஓடியதே சில ஆயிரம் கார்கள்தான். கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் விற்கும். 1926இல் ஸ்டார் வந்தது. பிறகு, இரண்டு ஸ்டார் என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம் என்று விளக்கம் கொடுத்தார்கள். வார்த்தைகளைக் கவனியுங்கள். எல்லாமே சக்கரம் உருள்வதற்கான வார்த்தைகள். சாப்பாட்டைப் பற்றிய அந்த நேர்த்தியான மொழிக்கு அடியில் ரப்பர் தேய்கிற சத்தம் கேட்கிறது.

இன்னொரு வழிகாட்டியும் உண்டு. 1936இல் நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் ஒரு சிறு புத்தகம் போட்டார். காரில் பயணம் போகும் கறுப்பின மக்கள் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல். ருசிக்காக எழுதப்பட்டது இல்லை. தவறான கதவைத் தட்டினால் அவமானப்படலாம், அடிபடலாம், உயிரே போகலாம் என்ற காலத்தில் எழுதப்பட்டது. ஹோட்டல் இல்லாத ஊர்களில் தன் வீட்டு அறையை விருந்தாளிக்குத் திறந்துவிட்டவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. ஒருநாள் இந்தப் புத்தகத்துக்கே தேவையில்லாமல் போக வேண்டும் என்று அந்தப் புத்தகத்திலேயே எழுதினார்கள். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் புத்தகம் நின்றது.

பட்டியல் என்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். கிரீன் போட்டதும் பட்டியல்தான். ஒன்று டயர் தேய்வதற்காக, இன்னொன்று ஆள் பிழைப்பதற்காக. நம்மிடம் இப்போது குவிந்து கிடப்பதெல்லாம் முதல் வகை. இன்று தேய்வது டயர் இல்லை, நம் கட்டைவிரல்.

*

"அது அமெரிக்கா, நமக்கென்ன?" என்று கேட்க முடியாது. நம் ஊரில் எங்கே சாப்பிடலாம் என்ற கேள்வி எப்போதுமே ருசிக்கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணாளுக்குத் தனி, மற்றவர்க்குத் தனி என்றிருந்த பிரிவினை 1940களில்தான் போனது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே பெயர்ப்பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை அழிக்கக் கோரிப் பெரியார் மறியல் தொடங்கினார். பொது உணவகத்துக்குள் நுழைய யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்லி ஏழு வருஷம் ஆன பிறகு. இரட்டைக் குவளை எங்கோ பழைய கதையில் மட்டும் இருப்பதும் இல்லை.

இந்த நாட்டில் "எல்லோரும் போக வேண்டிய கடைகள்" என்று ஒருவர் எழுதும்போது, அந்த "எல்லோரும்" யார் என்று கேட்கத் தோன்றுகிறது. மதுரைச் சாப்பாடு பற்றி எத்தனை வீடியோ. அவற்றில் மாட்டுக்கறிக் கடை எத்தனை வருகிறது? 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரில்! எதிர்ப்பு வந்தது. பிறகு மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடுதான் என்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஒரு ஊரின் சாப்பாட்டைப் பரிந்துரைக்கும் பட்டியலிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் பலர் தின்னும் சாப்பாடு நீக்கப்பட்டது. அரசு அதை அறிவித்துச் செய்ததால் நமக்குத் தெரிந்தது. வீடியோக்கள் சத்தமில்லாமல் செய்கின்றன.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு புரோட்டாக் கடை வாசலில் தனியாகப் போய் நிற்கும் பெண்ணுக்குப் புரோட்டாவின் அடுக்கு எத்தனை என்பது முதல் தகவல் இல்லை. பக்கத்தில் டாஸ்மாக் இருக்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா, யாராவது முறைப்பார்களா, கழிப்பறை உண்டா, இருந்தால் தாழ்ப்பாள் உண்டா? என் தோழி ஒருத்தி ஊர் ஊராகக் களப்பணிக்குப் போகிறவள். அவளும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் தங்களுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் ருசி கடைசி வரியில்தான் வரும். கிரீனின் புத்தகத்துக்கு நான் பார்த்த மிக நெருங்கிய தமிழ் உறவு அந்த வாட்ஸப் பட்டியல்தான்.

அவள்தான் என்னை மறித்தும் பேசினாள். "நீ பாட்டுக்கு உள்ளூர் ஆளைக் கேளுன்னு சொல்லுவ. நான் ராத்திரி பஸ் ஸ்டாண்டுல தெரியாத ஆம்பளைகிட்ட போய் எங்க சாப்பிடலாம்னு கேட்டா, அடுத்த கேள்வி 'தனியாவா வந்திருக்கீங்க?' எனக்கு மேப்தான் பாதுகாப்பு." நியாயம். மேப்பை யாரும் தூக்கியெறிய வேண்டாம். கடை திறந்திருக்கிறதா, எத்தனை தூரம், எந்தத் தெரு, இதையெல்லாம் அது நன்றாகச் சொல்லும். ஆனால் 4.2 ஸ்டார் என்பதற்கு என்ன அர்த்தம்? காலை ஆறு மணிக்கு இட்லி தின்றவரும், மத்தியானம் மூன்றரைக்குப் போய் "சாப்பாடு முடிஞ்சிருச்சு" என்று கேட்டுவிட்டு ஒற்றை ஸ்டார் போட்டவரும் சேர்ந்த சராசரி அது. நம் ஊர்ச் சாப்பாடு நேரத்தோடு கட்டப்பட்டது. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை சாயங்காலம் திறந்து கொஞ்ச நேரம்தான் விற்கும். மெஸ் சாப்பாடு மத்தியானம். புரோட்டா பொழுது சாய்ந்தபின். சராசரிக்கு மணிக்கூண்டு தெரியாது.

விருதுநகரில் ஒரு மெடிக்கல் ஷாப்காரரிடம் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டே கேட்டேன்: "அண்ணே, நீங்க வெளிய சாப்பிட்டா எங்க சாப்பிடுவீங்க?" அவர் உடனே கடை பெயர் சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்தார். "இன்னைக்கு வியாழனா? அப்ப அந்தக் கடை வேணாம் தம்பி, மாஸ்டர் லீவு. இந்தச் சந்துல இன்னொன்னு இருக்கு. ஏழரைக்கு முன்னாடி போகாதீங்க, கல்லு காஞ்சிருக்காது. தலைவலிங்கறீங்க, சுக்காவுல காரம் ஜாஸ்தி, அது வேணாம்." பரிந்துரை என்றால் இதுதான். கிழமை தெரிந்து, நேரம் தெரிந்து, கேட்ட ஆளின் தலைவலி தெரிந்து சொன்னது. அந்தக் கடையை நான் இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. அவர் எனக்குச் சொன்னார், அந்த வியாழனுக்குச் சொன்னார்.

*

பெயர் சொல்லாததில் எனக்கு ரகசியப் பெருமை எதுவும் இல்லை. "யாருக்கும் தெரியாத கடை" என்று பூடகமாகப் பேசும் இலக்கிய நண்பர்களையும் எனக்குப் பிடிக்காது. யாருக்குத் தெரியாது? தினமும் அங்கே சாப்பிடும் அறுபது பேருக்குத் தெரியும். சுமை தூக்குபவர், கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர், ஊரிலிருந்து வந்து தனியாக ரூம் எடுத்து வேலை பார்க்கும் பையன். இவர்களுக்கு அது சுற்றுலாத் தலம் இல்லை, அடுப்படி. மாதக் கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சம்பளத்தன்று கொடுக்கிறவர்கள். வீடியோ வந்த வாரம் வாசலில் கார் நிற்கும், வரிசை நீளும், அந்த அறுபது பேருக்கு இடம் இருக்காது. அரை மணி மதிய இடைவேளையில் அவர்கள் வரிசையில் நிற்க முடியாது.

வீடியோவால் வாழ்ந்த கடைகளும் உண்டு, மறுக்கவில்லை. கடன் அடைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது கடைக்காரர் கேட்டு நடக்க வேண்டியது. ஐம்பது பேருக்குச் சமைக்கிற அம்மாவிடம் ஐந்நூறு பேரை அனுப்பிவிட்டு, மறுமாதம் "பழைய டேஸ்ட் இல்ல ப்ரோ" என்று இரண்டாவது வீடியோ போடுவது அயோக்கியத்தனம். பரிந்துரையில் மூன்று பேர் இருக்கிறார்கள்: சொல்கிறவர், கேட்கிறவர், சமைக்கிறவர். மூன்றாமவரை யாரும் கேட்பதே இல்லை.

பேர் மட்டும் கடையை விட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெடுஞ்சாலையைப் பார்த்தால் போதும். சென்னையிலிருந்து தெற்கே போகும் வழியெல்லாம் "கும்பகோணம் டிகிரி காபி" போர்டு, வாசலில் பித்தளை டபரா. கும்பகோணம் எங்கோ இருக்கிறது. ஃபேமஸ் என்பதன் கடைசி நிலை அது: ஊர் போய், ஆள் போய், கைப்பக்குவமும் போய், போர்டு மட்டும் மிச்சம்.

அதனால் இனி கேட்கும்போது "இங்க எது ஃபேமஸ்?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு மத்தியானம் நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். சொல்லும்போது, எந்த நேரத்தில் போக வேண்டும், எவ்வளவு ஆகும், எதைச் சாப்பிடக் கூடாது, யார் அங்கே நிம்மதியாக உட்கார முடியும் யாரால் முடியாது, கடைசியாக நீங்கள் எப்போது போனீர்கள், பில்லை யார் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவ்வளவும் தெரியாதென்றால், "எனக்குத் தெரியலங்க, அங்க போய் யாரையாவது கேட்டுக்கங்க" என்று சொல்லிவிடுங்கள். பசியோடு இருப்பவரிடம் அதைச் சொல்வது கொஞ்சமும் மரியாதைக் குறைவு இல்லை.