எட்டடிச் சன்னலுக்கு மேல் நிற்கும் சுவர்

மதிப்பிற்குரிய நகராட்சி நிர்வாகத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

தமிழகத்து ஊர்களில் பழைய செங்கல் வீடுகளின் தெருப்பக்கச் சுவரை உடைத்து, நாலடிச் சன்னலை எட்டடியாக்கும் வேலை எங்காவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. சிலர் வெளிச்சத்துக்காகச் செய்கிறார்கள். பலர் முன்னறையைக் கடையாக்கி வாடகைக்கு விடச் செய்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த எட்டடிக்கு மேலே நிற்கும் சுவரை எது தாங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை உங்கள் துறை கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

தூண் எழுப்பிக் கட்டிய வீடென்றால் கவலை குறைவு. 9 அங்குலச் சுவரே தளத்தைச் சுமக்கும் வீடுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். 8 அடித் திறப்புக்கு மேல் தளம் வரை 3 அடிச் சுவர் இருந்தால், அந்தச் செங்கல் மட்டுமே ஏறக்குறைய 1 டன். திறப்புக்கு மேல் சுவர் நல்ல உயரமாக இருந்தால், ஒரு முக்கோண அளவுச் செங்கல் மட்டும் திறப்பின் மேலுள்ள உத்தரமான லிண்டலில் உட்காரும்; மற்றதை இரு பக்கச் சுவர்களும் வாங்கிக்கொள்ளும். 3 அடியில் அதற்கு வழியில்லை. உள்ளே 12 அடி அறையாக இருந்து, கான்கிரீட் தளத்தின் பாதி இந்தச் சுவரில் உட்கார்ந்தால், இன்னும் இரண்டரை டன் இங்கேதான் இறங்கும். மேலே மாடியும் இருந்தால் கணக்கே வேறு.

இத்தனைக்கும் கீழே பல இடங்களில் வைப்பது, பக்கத்துப் பட்டறையில் வெட்டி வாங்கிய 50-க்கு 50 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கிள் ஒன்று. தேவையான வலுவில் பத்தில் ஒரு பங்குகூட அதில் தேறாது. பூச்சு பூசிய அன்று எல்லாம் நேராகத்தான் தெரியும். பிறகு ஆங்கிள் நடுவில் தொய்யும், கடையின் ஷட்டர் உரசத் தொடங்கும். திறப்பின் மேல் மூலையிலிருந்து செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக ஒரு விரிசல் ஏறும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பார்கள். அதே கோட்டில் அது மறுபடி வரும். சுவர் எச்சரிக்கிறது என்பதை அந்த வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரியாகச் செய்வது பெரிய வித்தையல்ல. முதலில் தளத்துக்கு அடியில் ஜாக்கி முட்டு. பிறகு மேல் சுவரில் துளையிட்டுக் குறுக்கே கட்டை நுழைத்து, உள்ளும் புறமும் முட்டுக் கொடுக்க வேண்டும். சுவரின் பாதிக் கனத்தை வெட்டி ஒரு இரும்புச் சேனலை உட்கார வைத்து, கலவை இறுகிய பிறகே மறுபாதியை வெட்டி அடுத்த சேனலை ஏற்ற வேண்டும். இரண்டையும் போல்ட் போட்டு இணைக்க வேண்டும். முனைகள் இரண்டும் குறைந்தது 6 அங்குலம் சுவருக்குள் போய், வெறும் செங்கல்மேல் அல்லாமல் கான்கிரீட் கட்டையின்மேல் உட்கார வேண்டும். இரும்புக்கும் மேல் செங்கலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் தண்ணீர் குறைந்த சிமென்ட் கலவையை அடித்து இறுக்க வேண்டும். தளதளவென்ற கலவை காய்ந்து சுருங்கும்; அந்த இடைவெளிக்குச் சுவர் இறங்கும். அவசரத்தில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இறுக்கும் வேலையைத்தான்.

இரும்பு முறியாமல் இருந்தால் மட்டும் போதாது; அதிகம் வளையவும் கூடாது. விரிசல் விடக்கூடிய பூச்சையும் சுவரையும் தாங்கும் உத்தரம், நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்கிறது எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800. எட்டடிக்கு அது 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. கடலோர ஊர்களில் துருவும் சேர்ந்துகொள்ளும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, மேலுள்ள செங்கலை நெம்பும். அங்கெல்லாம் ஒரு கை ரெட் ஆக்ஸைடு போதாது. துத்தநாகப் பூச்சு தேவை.

அமைப்பின் உறுதியைக் கெடுக்காத வரை, சன்னல் திறக்கவும் மூடவும் தனி அனுமதி வேண்டாம் என்பதே தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நிலை. அதை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அனுமதி கட்டாயம் என்றால் வேலை இரவில் நடக்கும், அவ்வளவுதான். ஆனால் வீடு கடையாகும்போது தொழில் உரிமத்துக்கு மனு உங்கள் துறையின் கீழுள்ள நகராட்சி அலுவலகத்துக்கு வருகிறது. அந்த மனுவில் ஒரு வரி சேருங்கள்: சுமை தாங்கும் சுவரில் திறப்பு அகலப்படுத்தப்பட்டதா, எந்த இரும்பு, எந்தப் பொறியாளர் பார்த்தார்? கூடவே எத்தனை அடிக்கு என்ன சேனல், முனை சுவரில் எவ்வளவு உட்கார வேண்டும், முட்டு எப்படி என்பதைப் படத்தோடு ஒரே தாளில் அச்சிட்டு, நகராட்சி வாசலிலும் இரும்புக் கடைகளிலும் ஒட்டச் செய்யுங்கள். கொத்தனாரும் வெல்டரும் பார்க்கும் இடம் அதுதான். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் வழியாக அவர்களுக்கு ஒரு நாள் செய்முறைப் பயிற்சியும் கொடுக்கலாம். சுவர் சரிந்தால் முதலில் அகப்படுவது அதன் அடியில் நிற்கும் சித்தாள்தான்.

சன்னலை அகலப்படுத்த நினைக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: முட்டுக் கொடுத்து முடிந்து, அளவு பார்த்த சேனல் வாசலில் வந்து இறங்கும் வரை யாரையும் கடப்பாரையைத் தொட விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்